புதிதாகப் பிடித்த நிலம் எந்த இலாகாவுக்கு?

கேள்வியை நான் புரிந்துகொண்ட மட்டில் இதுதான்: முதல் உலகப்போரில் துருக்கியிடமிருந்து பிரிட்டன் பிடித்த ஈராக்கையும் பாலஸ்தீனத்தையும் 1921-ல் லண்டன் காலனி அலுவலகத்திடம் ஏன் ஒப்படைத்தார்கள்? ஈராக்கை அதுவரை நடத்தியவர்கள் இந்தியாவிலிருந்து போன அதிகாரிகள். பாலஸ்தீனத்தைப் பார்த்துக்கொண்டது வெளியுறவு அலுவலகம். சட்டப்படி இரண்டுமே காலனி இல்லை. சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) ஆணைப்படி பிரிட்டன் பொறுப்பேற்ற நாடுகள். அப்படியிருக்க, புதிதாகக் கைக்கு வந்த நிலத்தை எந்த இலாகா ஆளவேண்டும் என்பதற்கு விதி ஏதும் இருந்ததா, இல்லை அமைச்சர்களின் இழுபறிதானா? இதையெல்லாம் படிக்க எந்தக் கோப்புகளைத் தேடுவது என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. எந்த இலாகாவுக்கு அந்த ஊர் நன்றாகத் தெரியும் என்பதை வைத்தும் முடிவெடுக்கவில்லை. முதலில், யாருடைய ஆள் அங்கே போய் நின்றானோ அவனுடைய இலாகா தானாகவே ஆளத் தொடங்கும். கப்பல் போயிருந்தால் கடற்படை, தூதர் போயிருந்தால் வெளியுறவு, பட்டாளம் போயிருந்தால் போர் அலுவலகம், பம்பாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ பட்டாளம் போயிருந்தால் இந்திய அரசு. அப்புறம் ஒருநாள் செலவு கையை மீறும். அப்போதுதான் "இது யார் தலையில்?" என்ற பேச்சே வரும். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கணக்குத் தலைப்பு, அதாவது எந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பது, என்னவென்று தெரியும். பேரரசும் அந்தத் தலைப்பை வைத்துத்தான் யோசித்தது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஓர் ஆவணக் காப்பகத்தில், பிரிட்டிஷ் கால வருவாய், அரசியல் கோப்புகளோடு இருந்தவன். அங்கே ஓர் ஏரியைப் பற்றிய கோப்பு உண்டு. இரண்டு இலாகாக்கள் இருபது வருடத்துக்கும் மேலாகக் கடிதம் எழுதிக்கொண்டவை. கரை உடைந்த வருடமெல்லாம் "அது உங்கள் ஏரி", மீன் குத்தகை ஏலம் வரும் வருடமெல்லாம் "அது எங்கள் ஏரி". லண்டன் கோப்புகளைப் படித்தபோது எனக்கு அந்த ஏரிதான் ஞாபகம் வந்தது. ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அரபியும் துருக்கியும் தெரியாது. பாக்தாத்திலும் எருசலேமிலும் இருந்தவர்கள் இந்த மாற்றத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதை ஆங்கிலேய அதிகாரி எழுதிவைத்ததன் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்துக்கு இந்தப் பதிலை நம்பாதீர்கள்.

காலனி அலுவலகம் என்பதே ஆதியிலிருந்து இருந்த ஒன்றல்ல. 1768-ல் அமெரிக்கக் காலனிகளுக்கென்று ஒரு அமைச்சர் வந்தார். அமெரிக்கா கைவிட்டுப் போனதும் 1782-ல் அந்தப் பதவியை ஒழித்துவிட்டார்கள். மிச்சமிருந்த காலனிகள் உள்துறைக்குப் போயின, 1801-ல் போர் அமைச்சரிடம் சேர்ந்தன, 1854-ல்தான் தனி இலாகா ஆயின. இந்தியாவுக்கு வேறு வழி: முதலில் கிழக்கிந்தியக் கம்பெனி, அதன்மேல் லண்டனில் ஒரு கட்டுப்பாட்டு வாரியம், 1858-க்குப் பிறகு லண்டனிலேயே இந்தியா ஆபீஸ் என்ற இலாகா. ஆக, இந்துமாக்கடல் பக்கம் ஒரு நிலம் கிடைத்தால் அதற்குக் குறைந்தது இரண்டு வாசல்கள் திறந்திருந்தன.

இதற்கு நல்ல உதாரணம் நமக்கு மிகப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து இலங்கையின் கரையோரத்தை 1795-லும் 1796-லும் பிடித்தார்கள். படையெடுப்பைச் சென்னையிலிருந்து நடத்தியதால் ஆட்சியும் சென்னை கவர்னரிடமே வந்தது. வரி வசூலிக்க ராபர்ட் ஆண்ட்ரூஸ் என்ற சென்னை அதிகாரி போனார். கூடவே இங்கிருந்து அமில்தார்கள் என்ற வரி அதிகாரிகளைக் கூட்டிப்போய், முதலியார்கள் என்ற ஊர்த் தலைவர்களின் வேலையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஊழியத்துக்காக நிலம் வைத்திருக்கும் பழைய ஏற்பாட்டைத் தூக்கிவிட்டு, சென்னை மாகாணத்தில் பழகிய முறையில் வரியைக் குத்தகைக்கு விட்டார்கள். தென்னைக்கு மரத்துக்கு மரம் வரி போட்டார்கள். 1797-ல் கலகம் வெடித்தது. விசாரிக்க டி மெரோன் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. அமில்தார்களைத் திருப்பி அனுப்பவும் பழைய முறைக்குத் திரும்பவும் சொன்னது.

அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு விசித்திரமானது. 1798-ல் பிரெடரிக் நார்த்தை மன்னர் கவர்னராக நியமித்தார். ஆனால் வியாபார உரிமை கம்பெனியிடமே இருந்தது. கவர்னர் கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரலுக்கும் கட்டுப்பட்டவர். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களில் பலர் சென்னை சிவில் சர்வீஸ்காரர்கள். அவர்களுடைய பதவி உயர்வு சென்னையின் கையில் இருந்தது, நார்த்தின் கையில் இல்லை. ஒரு வேலைக்காரனுக்கு இரண்டு எஜமானர் என்றால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. 1802 ஜனவரி 1-ல் கம்பெனியை முழுக்க விலக்கி, இலங்கையை மன்னரின் நேரடிக் காலனி ஆக்கினார்கள். அதே வருடம் ஆமியன் ஒப்பந்தத்தில் டச்சுக்காரர்களும் அதை விட்டுக்கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த இரட்டை ஆட்சியை ஏற்பாடு செய்த காலத்தில் லண்டனில் போர் அமைச்சராகவும் இந்தியக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும் இருந்தவர் ஒரே ஆள், ஹென்றி டண்டாஸ். இரண்டு நாற்காலியிலும் அவரே உட்கார்ந்திருந்தும் இரண்டு இலாகாவும் ஒத்துப்போகவில்லை.

இதில் எது உறுதி, எது ஊகம்? தேதிகளும் நியமனங்களும் கலகமும் குழுவின் அறிக்கையும் உறுதி. சென்னை ஏன் அப்படி அவசரமாகக் கசக்கிப் பிழிந்தது என்பது ஊகம். சமாதானம் வந்தால் தீவை டச்சுக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கலாம், அதற்குள் படையெடுப்புச் செலவை எடுத்துவிடுவோம் என்று கம்பெனி நினைத்ததாக வரலாற்றாசிரியர்கள் சொல்வது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. மன்னார் முத்துக்குளிப்பில் அந்த வருடங்களில் நல்ல வருமானம் வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீன் குத்தகை என்று சொன்னேனே, அது இங்கே முத்துக் குத்தகை. ஆனால் நோக்கத்தை ஒரே கோப்பில் யாரும் ஒப்புக்கொண்டு எழுதிவைப்பதில்லை.

சிங்கப்பூர் கதை இதற்கு நேர்மாறானது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1826 முதல் ஒரே தொகுதியாக இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்தன. வணிகர்கள் டாலரில் வியாபாரம் செய்தார்கள், அரசோ ரூபாயில் கணக்கு எழுதியது. இந்தியாவிலிருந்து ஆயுள் கைதிகளைக் கப்பல் கப்பலாக அங்கே அனுப்பினார்கள். சாலை போட்டதும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் அந்தக் கைதிகளே. அவர்களை ஓசிக் கூலியாக வைத்துக்கொண்ட நகரம் ஒரு கட்டத்துக்கு மேல் அவர்களைக் கண்டு பயந்தது. 1857-ல் வணிகர்கள் தங்களை இந்தியாவிலிருந்து பிரித்துக் காலனி அலுவலகத்திடம் சேர்க்கச் சொல்லி லண்டனுக்கு மனு போட்டார்கள். இந்தியா ஆபீசுக்கு அவர்களை விட்டுவிடுவதில் பெரிய வருத்தம் இல்லை. காலனி அலுவலகமும் கொள்கையளவில் சரி என்றது. இருந்தும் பத்து வருடம் இழுத்தது. காரணம் ஒன்றுதான்: அங்கே இருக்கும் காவல்படைக்கு யார் பணம் கொடுப்பது? கஜானாவும் (லண்டன் நிதித்துறை) போர் அலுவலகமும் காலனி அலுவலகமும் இந்தியா ஆபீசும் மாறி மாறி எழுதிக்கொண்டன. ஹாங்காங் கவர்னர் ஹெர்குலிஸ் ராபின்சனை அனுப்பி வரவு செலவைப் பார்க்கச் சொன்னார்கள். தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று ஆனபிறகுதான் 1867 ஏப்ரல் 1-ல் கைமாறியது. நிதியாண்டின் முதல் நாள் என்பதைக் கவனியுங்கள்.

இலாகா மாறினால் கீழே இருக்கும் சாதாரண மனிதனுக்கு என்ன என்று கேட்டால் இந்த மாற்றமே பதில் சொல்லும். அதுவரை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போகும் கூலியாள் இந்திய ஆட்சிக்கு உட்பட்ட ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனான். 1867-க்குப் பிறகு அவன் வெளிநாட்டுக் காலனிக்குப் போகிறவன். இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் அவன்மேல் பாய்ந்தது. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பிடிப்பது சிக்கலாகி, 1872-ல் தனிச் சட்டம் போட்டுச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கடலும் கப்பலும் அவை அவையாகவே இருந்தன. கோப்பு மட்டும் வேறு கட்டடத்துக்குப் போயிருந்தது.

ஆப்பிரிக்காவை வேகமாகத் தாண்டிப் போகலாம், மாதிரி ஒன்றுதான். கிழக்கு ஆப்பிரிக்காவும் உகாண்டாவும் தூதர்கள் வழியாக வந்ததால் வெளியுறவு அலுவலகம் ஆண்டது. அதற்கு நிர்வாகம் தெரியாது. ரயில் போடுவதும் வரி வசூலிப்பதும் தூதரக வேலையில் வராது. 1905-ல் காலனி அலுவலகத்திடம் தள்ளிவிட்டது. சைப்ரஸ் 1878-ல் வெளியுறவுக்கு வந்து 1880-ல் காலனிக்குப் போனது. சூடானோ எகிப்தோடு கூட்டாட்சி என்ற பெயரில் கடைசிவரை வெளியுறவிடமே இருந்தது. என் மனசுக்குப் பிடித்தது அசென்ஷன் தீவு. நெப்போலியனை செயின்ட் ஹெலினாவில் வைத்திருந்தபோது காவலுக்காகக் கடற்படை அங்கே இறங்கியது. நெப்போலியன் செத்து நூறு வருடம் ஆகும்வரை, 1922 வரை, அந்தத் தீவு கடற்படையின் பொறுப்பிலேயே இருந்தது. எடுத்துக்கொள்ள வேறு யாருக்கும் அக்கறை இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் ஆங்கிலேயருக்கு மட்டும் சொந்தமில்லை. பிரான்சுக்கு அல்ஜீரியா உள்துறை விஷயம், துனிசியாவும் மொராக்கோவும் வெளியுறவு விஷயம், செனகலும் இந்தோசீனமும் நம்ம புதுச்சேரியும் காலனி அமைச்சகத்தின் விஷயம். அமெரிக்கா 1898-ல் ஸ்பெயினிடமிருந்து பெற்றவற்றில் பிலிப்பைன்ஸைப் போர்த்துறையிடமும் குவாமைக் கடற்படையிடமும் கொடுத்தது.

இப்போது நீங்கள் கேட்ட ஈராக்குக்கு வருகிறேன். 1914 நவம்பரில் பாவ் துறையில் இறங்கியது இந்தியப் படை. அதே மாதம் பஸ்ரா விழுந்தது. படையோடு போன அரசியல் அதிகாரி பெர்சி காக்ஸ், பாரசீக வளைகுடாவில் இந்திய அரசின் பிரதிநிதியாகப் பல வருடம் இருந்தவர். அவர் பின்னாலேயே இந்திய நிர்வாகம் மொத்தமாக வந்து இறங்கியது. ரூபாய் வந்தது. இந்தியாவிலிருந்து போலீஸ் வந்தது. 1915-ல் இந்தியச் சட்டங்களை ஒட்டி ஒரு சட்டத்தொகுப்பு போட்டார்கள். மெசபடோமியாவை (ஈராக்கை அன்று அப்படித்தான் சொன்னார்கள்) இந்தியாவுடன் சேர்த்து இந்தியர்கள் குடியேறும் காலனியாக்க வேண்டும் என்று காக்ஸின் உதவியாளர் ஆர்னால்ட் வில்சன் போர் தொடங்கிய கையோடு எழுதினார். இந்தியாவுக்கே காலனியா என்று இன்று சிரிப்பு வரலாம். அன்று அது சீரியஸான யோசனை.

கூட் என்ற ஊர் அந்த யோசனையைக் குலைத்தது. 1916 ஏப்ரல் 29-ல் அங்கே முற்றுகையில் சிக்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையினர் சுமார் 13,000 பேர் துருக்கியரிடம் சரணடைந்தார்கள். மருந்து இல்லை, படகு இல்லை, திட்டம் இல்லை. அதற்குச் சில வாரம் முன்பே போர் நடத்தும் பொறுப்பை லண்டன் போர் அலுவலகம் இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. 1917-ல் விசாரணைக் கமிஷனின் அறிக்கை இந்திய அரசின் மானத்தை வாங்கியது. இந்தியா அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின் ராஜினாமா செய்தார். பாக்தாத் பிடிபட்டது 1917 மார்ச்சில். அந்த மாதமே லண்டன் மந்திரிசபை, இனி இந்த நாட்டின் நிர்வாகம் இந்திய அரசின் கையில் இல்லை, நேரடியாக லண்டன் பார்க்கும் என்று முடிவு செய்தது.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். "ஈராக்கை இந்தியா நடத்தியது" என்று நீங்கள் எழுதியிருப்பது 1917 வரைக்கும் சரி. அப்புறம் நடத்தியது லண்டனில் இருந்த இந்தியா ஆபீஸ். டெல்லி, சிம்லாவில் இருந்த இந்திய அரசு வேறு, லண்டன் இந்தியா ஆபீஸ் வேறு. இரண்டும் அடிக்கடி ஒன்றையொன்று முறைத்துக்கொண்டவை. இதைக் குழப்பிக்கொண்டால் கோப்புகளில் பாதி புரியாது. அதேசமயம், மேலே எஜமானர் மாறியதால் கீழே எல்லாம் மாறிவிடவில்லை. சட்டத்தைப் பார்த்துக்கொள்ள சூடானிலிருந்து எட்கர் பானம்-கார்ட்டர் வந்தார். பாக்தாத் பக்கம் துருக்கியச் சட்டமே தொடர்ந்தது. ஆனால் கடைத்தெருவில் ரூபாய்தான். அந்த வருடங்களின் தபால்தலைகளை எங்காவது பார்த்தால் விடாதீர்கள்: துருக்கித் தபால்தலை, அதன்மேல் பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பு என்று ஆங்கில முத்திரை, விலை மட்டும் அணாவில்.

இதே சமயம் கெய்ரோவில் இன்னொரு கடை நடந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த அரபுப் பிரிவு வெளியுறவு அலுவலகத்தைச் சேர்ந்தது. அது மெக்காவை ஆண்ட ஷெரீப் உசேனை நம்பியது, அவருக்குப் பணமும் துப்பாக்கியும் கொடுத்தது. இந்தியத் தரப்போ நெஜ்த் பாலைவனத்தின் இப்னு சவூதை நம்பியது. காக்ஸ் 1915 கடைசியில் அவரோடு உடன்படிக்கை போட்டார்; பிறகு மாதம் 5,000 பவுன் போனது. இரண்டு பேரும் ஜென்ம விரோதிகள். 1919 மே மாதம் துராபா என்ற இடத்தில் இப்னு சவூதின் ஆட்கள் உசேனின் மகன் அப்துல்லாவின் படையைத் துவம்சம் செய்தார்கள். அடித்தவர் கையிலும் பிரிட்டிஷ் பணம், அடிவாங்கியவர் கையிலும் பிரிட்டிஷ் பணம். இலாகாக்களின் போட்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

லண்டன் சும்மா இருக்கவில்லை, கமிட்டி போட்டது. 1917-ல் மெசபடோமியா நிர்வாகக் கமிட்டி, அது மாறி மத்திய கிழக்குக் கமிட்டி, 1918-ல் கிழக்குக் கமிட்டி. எல்லாவற்றுக்கும் தலைவர் கர்சன், நம் பழைய வைஸ்ராய். போர் முடிந்ததும் அதையும் கலைத்துவிட்டு, இலாகாக்கள் கூடிப் பேசும் மாநாடு என்று வைத்தார்கள். அதாவது வெளியுறவு, இந்தியா, போர், கஜானா எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள். கையெழுத்துப் போட ஆள் கிடையாது. பாலஸ்தீனத்தில் 1920 ஜூலை 1 வரை ராணுவ ஆட்சி. பிறகு ஹெர்பர்ட் சாமுவேல் ஹைகமிஷனராகி வெளியுறவுக்கு அறிக்கை அனுப்பினார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் பில் போனது போர் அலுவலகத்துக்கு. அங்கே அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். அவருடைய புலம்பலில் நியாயம் இருந்தது: கொள்கை வகுப்பது ஒருவன், ஆள்வது இன்னொருவன், அவர்கள் முடிவெடுப்பதற்கெல்லாம் பட்டாளம் வைத்துச் செலவு செய்து பாராளுமன்றத்தில் திட்டு வாங்குவது நான். 1920 மே மாதமே அவர் மந்திரிசபைக்குக் குறிப்பு எழுதினார். மெசபடோமியாவைக் காலனி அலுவலகத்திடம் கொடுங்கள், காவலை விமானப்படையிடம் கொடுங்கள் என்பது அதன் சாரம். இரண்டு மாதத்துக்குள் ஈராக்கில் பெரும் கிளர்ச்சி. அடக்க சுமார் 4 கோடி பவுன் ஆனது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அடக்கப் போன சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

1920 டிசம்பர் 31-ல் மந்திரிசபை முடிவெடுத்தது: ஈராக்கும் பாலஸ்தீனமும் காலனி அலுவலகத்துக்குள் தொடங்கப்படும் புதிய மத்திய கிழக்குப் பிரிவுக்கு. எல்லாரும் ஒத்துக்கொண்ட முடிவில்லை. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த கர்சன் கடைசிவரை எதிர்த்தார். அந்தப் பிரிவு தன் அலுவலகத்துக்குள் இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. அரபிகளுக்குச் சுதந்திரம் பேசிவிட்டுக் காலனி என்று பெயர்ப்பலகை மாட்டிய இலாகாவிடம் கொடுத்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் கர்சனின் வாயிலிருந்து வந்ததால் அதில் பாதி சொந்த எல்லையைக் காக்கும் பதற்றம் என்று எடுத்துக்கொள்கிறேன்; சர்ச்சில் ஆசியாவுக்கே வெளியுறவு அமைச்சராகப் பார்க்கிறார் என்று அவர் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1921 பிப்ரவரியில் சர்ச்சில் காலனி அமைச்சரானார், மார்ச் 1-ல் பிரிவு பிறந்தது. பிரிவின் தலைவர் ஜான் ஷக்பர்க் இந்தியா ஆபீசிலிருந்து வந்தவர். ஹூபர்ட் யங் வெளியுறவிலிருந்து வந்தவர். ஆலோசகராக, போரில் அரபிகளோடு நின்று பேர் வாங்கிய டி. இ. லாரன்ஸ். ஆக, காலனி அலுவலகம் ஏற்றுக்கொண்டது என்று பேர், வேலை பார்த்தவர்கள் பழைய இலாகாக்காரர்களே. அந்த மாதமே கெய்ரோவில் மாநாடு. ஆகஸ்டில் உசேனின் மகன் பைசல் ஈராக்கின் மன்னர். 1922 அக்டோபரில் காவல் பொறுப்பு விமானப்படையிடம் போனது. செலவு மளமளவென்று இறங்கியது.

சரி, ஏன் காலனி அலுவலகம்? செலவைக் குறைக்க ஒரே கையில் கொடுக்க வேண்டும் என்று எல்லாரும் உணர்ந்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை; பேப்பர்கள் பக்கம் பக்கமாக அதைத்தான் சொல்கின்றன. அந்த ஒரு கை ஏன் இந்தியா ஆபீஸ் இல்லை என்பதும் தெளிவு: கூட் ஊரில் சரணடைந்த கறை ஒன்று, இந்தியாவிலேயே 1919-க்குப் பிறகு இருந்த நிலைமை இன்னொன்று. பஞ்சாபும், துருக்கி கலீபாவுக்கு ஆதரவான கிலாபத் இயக்கமும் கொதித்துக்கொண்டிருந்தபோது முஸ்லிம் நாடு ஒன்றை இந்தியாவின் பேரில் ஆள்வது யாருக்கும் உவப்பாக இல்லை. வெளியுறவு ஏன் இல்லை என்பதில்தான் கருத்து வேறுபடலாம். நிர்வாக அனுபவம் இல்லை என்று சொன்னார்கள். ஆனால் சூடானை அதே அலுவலகம் ஓசையில்லாமல் நடத்திக்கொண்டிருந்ததே? சர்ச்சில் அந்த நாற்காலிக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்த முடிவு வந்திருக்குமா என்றால், வந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. முந்தைய காலனி அமைச்சர் மில்னர் கிளம்பும் நேரத்தில் இருந்தார். காலியான நாற்காலியும் அதில் உட்காரத் துடித்த ஆளும் ஒரே மாதத்தில் அமைந்தது. இது என் கணிப்பு. எதிர்க்கருத்து சொல்பவரிடமும் நல்ல வாதம் இருக்கும்.

ஒரே கை என்று சொன்னதும் முழுக்க உண்மையில்லை. எகிப்து, பாரசீகம், சூடான் வெளியுறவிடமே நின்றன. வளைகுடா ஷேக்குகளை இந்திய அரசின் ஆட்கள் 1947 வரை பார்த்துக்கொண்டார்கள். ஏடனைப் பாருங்கள்: 1839 முதல் பம்பாய்க்குக் கீழே இருந்த துறைமுகம் 1937-ல்தான் தனிக் காலனி ஆனது, அதைச் சுற்றியிருந்த பாதுகாப்புப் பகுதியோ பல வருடம் முன்பே வேறு இலாகாவுக்குப் போயிருந்தது. ஊர் ஒருவருக்கு, ஊரைச் சுற்றிய காடு இன்னொருவருக்கு.

முதலில் போன இலாகா விட்டுப்போகும் பழக்கங்களுக்கு ஆயுசு ஜாஸ்தி. ஈராக்கில் இந்திய நிர்வாகம் 1917-ல் முடிந்தது என்றேன். ரூபாய் 1932-ல் தினார் வரும்வரை ஓடியது. ஏடனில் 1951 வரை. வளைகுடாவில் அதற்கும் பிறகு: 1959-ல் ரிசர்வ் வங்கி அங்கேயே செல்லும்படி தனி ரூபாய் நோட்டு அச்சடித்தது, 1966-ல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது அதையும் துபாய் போன்ற இடங்களில் கைகழுவினார்கள். துபாயில் வேலை பார்த்த பழைய ஆட்கள் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப்பாருங்கள், சிலரிடம் அந்த நோட்டு இருக்கும்.

கடைசியாகக் கோப்புகள். இலாகாச் சண்டை முடிந்து நூறு வருடம் ஆகியும் காகிதங்கள் இன்னும் தனித்தனி வீட்டில்தான் இருக்கின்றன. காலனி அலுவலகத்தின் ஈராக் கடிதங்கள் லண்டனில் கியூ என்ற பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிஓ 730 என்ற வரிசையில், பாலஸ்தீனம் சிஓ 733-ல். வெளியுறவின் அரசியல் கடிதங்கள் அதே கட்டடத்தில் எஃப்ஓ 371. இந்தியா ஆபீஸ் கோப்புகளோ பிரிட்டிஷ் நூலகத்தில். அவற்றில் வளைகுடா சம்பந்தமானவற்றைக் கத்தார் டிஜிட்டல் நூலகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம். அங்கிருந்து தொடங்குங்கள். பாக்தாத்திலிருந்து வந்த ஒரு தந்தியைப் பிடித்துக்கொண்டு, அதன் நகல் மற்ற இலாகாக்களுக்குப் போயிருந்தால் அங்கேயும் தேடிப் பாருங்கள். தந்தி ஒன்றுதான், ஓரத்தில் ஒவ்வொரு இலாகாக்காரரும் எழுதியிருக்கும் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.